வழுக்கி விழும் காட்சி

ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் தேவலை என்று லிங்கதுரைக்கு இருந்தது, யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை. சாலிகிராமத்தில் ஏதோ ஒரு தெருவில், மாடியில் இருக்கும் இந்தக் குட்டித் தியேட்டரில் மொத்தமே இருபது நாற்காலி, உள்ளே மூன்றே மூன்று பேர். முன்னால் மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் மெர்லின், படத்தை வெட்டி ஒட்டுகிற எடிட்டர். அவள் விவரமாகக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தம்பி தவசிக்கனி, படத்தின் டைரக்டர், இடது காலை நேராக நீட்டிக்கொண்டு. அந்த முட்டியை மடக்கினால் வலிக்கும். பஸ்ஸில் போனாலும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் இருபத்தைந்து வருஷமாக நீட்டியபடியேதான் இருக்கிறது. லிங்கதுரை காலைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். திரையில் இரண்டு பையன்கள் ஒரு சேவலைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பெரியவன் மறிக்கிறான், சின்னவன் பாய்ந்து சேவலின் காலைப் பிடிக்கிறான், கொட்டுமேளம் முழங்குகிறது, உடனே வருஷங்கள் பறந்து அதே போஸில் அண்ணனும் தம்பியும் கபடிக் களத்தில் நிற்கிறார்கள். நாம எந்தக் காலத்துலலே சேவல் பிடிச்சோம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். ரயிலில் மேல் பெர்த்தில் புரண்டு வந்த முதுகு ஒரு பக்கம், காலையில் தம்பி வீட்டில் தின்ற பொங்கல் ஒரு பக்கம், இனி இரண்டரை மணி நேரம். அது முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள், விளக்கைப் போட்டதும் தவசி இந்தப் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்பான். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

போன வியாழக்கிழமைதான் போன் வந்தது. அண்ணே, நீ ஒரு நாள் லீவு போட்டுட்டு வரணும் என்றான், குரல் கம்மியிருந்தது. பதறிப்போய், என்னலே, முட்டியா என்று கேட்டார். முட்டி இல்லண்ணே, படம். படத்தின் நடுவே ஒரு மேட்ச் வருகிறது, அதில் தம்பிக்காரன் எதிரணி ஆளின் கணுக்காலைப் பிடிக்கிறான், கூடவே பாய வேண்டிய அண்ணன் ஈர மண்ணில் வழுக்கி விழுந்துவிடுகிறான், தனியாக மாட்டிக்கொண்ட தம்பியின் முட்டி போய்விடுகிறது, மொத்தக் கதையும் அந்த ஒரு வழுக்கலில்தான் நிற்கிறது. அதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். தயாரிப்பாளர் நம்பவில்லை, பார்த்த நாலு பேரும் நம்பவில்லை, மெர்லின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாளாம், இவ்வளவு பெரிய கதைக்கு இத்தனூண்டு காரணமா சார் என்று. தயாரிப்பாளர் தன் பங்குக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறார்: மேட்சுக்கு முன்னால் வில்லன் ஆள் வைத்து ஆடுகளத்தில் எண்ணெய் ஊற்றிவிடுகிறான். அரை நாளில் எடுத்துச் செருகிவிடலாம். தவசி ஒத்துக்கொள்ளவில்லை. நடந்தது இதுதான் சார், எங்கண்ணன் வழுக்கித்தான் விழுந்தான், வேணும்னா அவனையே கூட்டிட்டு வர்றேன், அவன் வாயாலயே கேட்டுக்கிடுங்க என்று சவால் விட்டுவிட்டு வந்திருக்கிறான். சரி, மெர்லின் கேட்டு வந்து சொல்லட்டும், அவர் ஆமான்னு சொன்னா நான் வாயைத் திறக்கலை என்று தயாரிப்பாளரும் சொல்லிவிட்டார். ஆக, லிங்கதுரை சாட்சி. நாளை மறுநாள் படம் இவர்கள் கையை விட்டுப் போகிறது, வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் ஓடப்போகிறது, இன்றைக்கு மத்தியானத்துக்குள் அவர் ஆமாம், வழுக்கித்தான் விழுந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லி வருகிற வார்த்தைதான், புதிதாக நாக்குப் புரள வேண்டியதில்லை. ஆனால் அவர் வழுக்கவில்லை. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

திரையில் மீன் குழம்பு. படத்து அண்ணன் தன் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்துத் தம்பி தட்டில் வைக்கிறான். தம்பி வேண்டாம் என்கிறான், அண்ணன் தலையைத் தடவுகிறான், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். இந்த அம்மா ஆரம்பத்திலிருந்தே அழுதுகொண்டிருக்கிறாள். பிள்ளைகள் ஜெயித்தாலும் அழுகை, தோற்றாலும் அழுகை, மீன் தின்றாலும் அழுகை. நம்ம அம்மா எங்கலே அழுதா, இருட்டுன பொறவு வீட்டுக்கு வந்தா விறகுக் கட்டையைல்லா தூக்குவா. அண்ணனாக நடிக்கிற பையன் நல்ல அழகன், முகத்தில் பால் வடிகிறது. அவனுக்குக் கோபம் வருவதில்லை, பசி வருவதில்லை, தம்பி மேல் ஒரு தடவைகூட எரிச்சல் வருவதில்லை. ஒருத்தன் எப்போதும் நல்லவனாகவே இருந்தால் பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வராதா, இத்தனை வருஷம் சினிமாவில் கிடக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது. அப்புறம்தான் லிங்கதுரைக்கு உறைத்தது: இவன் கதைக்காக அண்ணனை நல்லவனாக்கவில்லை, நிஜமாகவே அண்ணன் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நடுத்துண்டை எடுத்து வைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் எப்போது? முட்டி போனதற்கு அப்புறம். அதற்கு முன்னால் நடுத்துண்டுக்கு இரண்டு பேரும் கட்டிப் புரளுவார்கள், ஒருநாள் அகப்பையால் போட்டதில் தவசியின் மண்டை கொழுக்கட்டை அளவுக்கு வீங்கிப்போனது. தலையைத் தடவியதும் அப்புறம்தான், பள்ளிக்கூடத் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்து மேட்ச் காட்டியதும் அப்புறம்தான். பின்னால் நடந்ததையெல்லாம் எடுத்து முன்னால் வைத்துவிட்டான் பாவி. அதனால்தான் கதை இடிக்கிறது. இப்படிப்பட்ட அண்ணன் வழுக்கி விழுந்தான் என்றால், அய்யோ பாவம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மெர்லினுக்கு மூளை இருக்கிறது. எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள், ஏன் என்று மட்டும் தெரியவில்லை. அவள் பின்னந்தலையைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

ஏசிக் குளிருக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து தட்டுத் தடுமாறி வெளியே வந்தார். வராந்தாவில் வெயில் சுள்ளென்று அடித்தது, உடம்புக்கு இதமாக இருந்தது. கழிப்பறைக்குப் போய் வந்தும் உள்ளே போக மனம் வரவில்லை, சுவரில் கையூன்றி வெயிலில் நின்றார். எதிரே மாடிப்படி. இறங்கினால் தெரு, தெருமுனையில் ஆட்டோ, எழும்பூர், மத்தியான ரயில். கம்பெனியில் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று போன் போட்டுச் சொல்லிவிடலாம். கம்பெனி. அந்த வேலைக்கும் இந்த மாடிப்படிக்கும் நடுவே அவர் நினைப்பு சிக்கிக்கொண்டு நின்றது. உரக் கம்பெனி அணிக்கு ஒரே ஒரு ஆள் எடுக்கத்தான் இரண்டு பேர் முட்டி போன அன்றைக்கு மேட்ச் பார்க்க வந்திருந்தார்கள், பிடிக்கிற ஆள் ஒன்று, வேலையும் ஒன்று. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று பிடிக்கிறவர்கள். தவசி ஓரத்தில் நிற்பான், இருபது வயசு, கணுக்காலைப் பிடித்தான் என்றால் உடும்புப் பிடி. லிங்கதுரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார், இருபத்தைந்து வயசு, இதைவிட்டால் வேறு வாய்ப்பு வரப்போவதில்லை என்று ஊருக்கே தெரியும். அவர் நல்ல ஆட்டக்காரர்தான். நல்ல ஆட்டக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தவசியைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவே மாட்டார்கள், தவசி என்று மட்டும்தான் சொல்வார்கள், அது போதும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. எரிந்தது, அதற்கென்ன இப்போது, கூடப்பிறந்தவன் மேல் வயிறெரியாதவன் எவன் இருக்கிறான். படியில் இரண்டு எட்டு இறங்கியவர் திரும்பிவிட்டார். ஓடிப்போனால் மட்டும் கேள்வி ஓடிப்போய்விடுமா, போனில் கேட்பான், அவ்வளவுதானே.

உள்ளே கதவைத் திறந்ததும் இடி இடித்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் வெளியே நின்றிருக்க வேண்டும், அதற்குள் மேட்ச் வந்துவிட்டது. தடவிப் பார்த்து உட்கார்ந்தார். தவசி அவர் கையைத் தட்டினான், பாரு என்கிற மாதிரி. திரையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, கொட்டுகிற மழையில் கபடி நடக்கிறது, குடைகூட இல்லாமல் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், ஒருவன் மைக்கில் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். மழையில் எவன்லே மேட்ச் நடத்துவான், அம்பயர் முதல் தூறலிலேயே விசில் ஊதிப் பந்தலுக்குள் போயிருப்பார். அன்றைக்கு மழை கிடையாது. மாசி மாசம். புழுதி கிளம்பக் கூடாதென்று ஆட்டத்துக்கு முன்னால் நாலு வாளித் தண்ணீர் தெளித்தார்கள், அவ்வளவுதான் ஈரம். அந்த நாலு வாளித் தண்ணீர் இவன் மனதில் கிடந்து கிடந்து இடி மின்னலோடு மழையாகிவிட்டது. கொட்டினால்தான் வழுக்கும் என்று இவனுக்கே உள்ளுக்குள் பட்டிருக்குமோ. இவனுக்கும் முழுசாக நம்பிக்கை இல்லையோ, அதனால்தான் என்னைக் கூப்பிட்டானோ, தயாரிப்பாளர் கேட்டார் என்பதெல்லாம் சாக்குத்தானோ. லிங்கதுரை பக்கவாட்டில் பார்த்தார். தவசி வாயைத் திறந்து பச்சைப்பிள்ளை மாதிரிப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை. இவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. திரையில் அண்ணன் கத்துகிறான், தம்பி, புடிடா, நான் வர்றேன்! இது அடுத்த கோளாறு. எதிரணிக்காரன் காது கேட்கக் கத்திவிட்டு எவன் பிடிக்கப் போவான். கை கோத்து நிற்கிற இரண்டு பேருக்குள் ஒரு பாஷை உண்டு. பக்கத்தில் நிற்கிறவன் விரலால் ஒரு தடவை அமுக்கினால் பொறு என்று அர்த்தம். இரண்டு தடவை அமுக்கினால் நீ போ, நான் உன் பின்னாலயே வாரேன். கபடி பாடிக்கொண்டு வருகிற எதிரணிக்காரனுக்கு ஒன்றும் தெரியாது, கூட நிற்கிற மற்றவர்களுக்கே தெரியாது. அதை ஏன் தவசி படத்தில் வைக்கவில்லை? கேமராவில் விரல் தெரியாது என்று விட்டிருப்பான். அல்லது மறந்திருப்பான். மறந்திருக்க வேண்டும். மறந்திருக்கட்டும்.

அன்றைக்குப் பாடி வந்தவன் கடாமாடு மாதிரி இருந்தான், திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். ஓரமாக வந்து போக்குக் காட்டிவிட்டு வலது காலை உள்ளே வைத்தான். பிடிக்க வாகான கால், அப்படி ஒரு கால் ஒரு மேட்சில் ஒரு தடவைதான் கிடைக்கும். லிங்கதுரை தம்பியின் விரலை இரண்டு தடவை அமுக்கினார். தவசி கையை உருவிக்கொண்டு பாய்ந்தான், பிடித்தான், பிடி கல் மாதிரி விழுந்தது, கூட்டம் எழுந்து கத்தியது, பாடி வந்தவன் கோட்டைப் பார்த்துத் திரும்பினான், அப்போது லிங்கதுரை அவன் இடுப்பில் போய் விழுந்திருக்க வேண்டும். அரை நொடி. அந்த அரை நொடியைப் பற்றி அவர் தனக்குத்தானே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கால் எழவில்லை. உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. பிடி எப்படியும் நிற்கும் என்று நினைத்துவிட்டேன். ஒரு பிடி தவறினால் என்ன, ஒரே ஒரு தடவை இவனும் தவறட்டுமே, கம்பெனிக்காரர்கள் பார்க்கட்டுமே என்று ஒரு கெட்ட நினைப்பு ஓடியது, அதுவும் ஓடி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முட்டி போகும் என்று யாருக்குத் தெரியும். கடாமாடு அவனை இழுத்துக்கொண்டு போய் அப்படியே அவன் முட்டி மேல் விழுந்தான். விறகு முறிகிற சத்தம். அதன் பிறகுதான் லிங்கதுரை விழுந்தார், வேண்டுமென்றேதான், தொப்பென்று, முழங்கை சிராய்க்க. ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது மடியில் தலை வைத்துக் கிடந்தவனிடம், தண்ணி தெளிச்ச எடம்லே, வழுக்கிட்டு என்றார். அவன் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒனக்கு அடி ஒண்ணும் இல்லியேண்ணே என்று கேட்டான். இப்போது திரையில் படத்து அண்ணன் சேற்றில் சறுக்கிக்கொண்டு போகிறான், அதையே நாலு பக்கத்திலிருந்தும் மெதுவாகக் காட்டுகிறார்கள், வயலின் அழுகிறது. ஊர் பேர் தெரியாத ஒரு பையன் தனக்காகச் சேற்றில் விழுந்து எழுவதை லிங்கதுரை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அலுப்பாக இருந்தது. பயம்கூட அலுத்துப்போகும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் பாதி இழுத்துக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் இடது காலில் கட்டு, அடுத்த காட்சியில் வலது காலில் கட்டு. கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள், தம்பியோடு ஒரு பாட்டுப் பாடினாள், அப்புறம் அவளைக் காணவில்லை, யாரும் தேடவும் இல்லை. அழுதுகொண்டே இருந்த அம்மா சுவரில் போட்டோவாகிவிட்டாள், எப்போது செத்தாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. கம்பெனியிலிருந்து அண்ணனுக்கு வேலை வருகிறது, வேண்டாம் என்று காகிதத்தைத் தூக்கிப் போடுகிறான், தம்பி நொண்டிக்கொண்டே போய் எடுத்து வந்து அண்ணன் கையில் வைத்துக் கும்பிடுகிறான். இது மட்டும் அப்படியே நடந்தது. அப்படியே. அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும் என்றும், தவசி விடமாட்டான் என்றும் லிங்கதுரைக்குத் தெரியும். எட்டு வருஷம் ஆடினார், கப்பெல்லாம் வாங்கினார், இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறார். தவசி நொண்டிக்கொண்டே மெட்ராசுக்கு ரயிலேறினான். யார் யாருக்கோ உதவி டைரக்டராக நின்று நின்று, நிற்கவே முடியாத காலோடு நின்று, நாற்பத்தைந்து வயசில் முதல் படம். அந்தப் படத்தில் அண்ணனைத் தெய்வமாக்கி வைத்திருக்கிறான். எண்ணெய்தான் நல்ல யோசனையோ? யோசிக்க யோசிக்க எண்ணெய் பிடித்துப்போனது. வில்லன் ஊற்றினான், முடிந்தது, யார் மேலும் பழி இல்லை, அண்ணனும் தம்பியும் நல்லவர்கள், ஊருக்கு ஒரு கெட்டவன். அதையே சொல்லிவிடலாம், எனக்குச் சரியா நினைவில்லலே, எண்ணெய்கூட இருந்திருக்கலாம் என்று. ஆனால் தவசியின் முகம் சுண்டிப்போகும். நடந்ததை நடந்தபடி எடுத்தேன் என்கிற ஒன்றைத்தான் அவன் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதை அவர் காப்பாற்றினாலும் பொய், கைவிட்டாலும் பொய். திரையில் கடைசி மேட்ச், கடைசி நொடி, தம்பி பயிற்சி கொடுத்த அணி ஜெயித்துவிட்டது, கூட்டத்திலிருந்து அண்ணன் ஓடி வந்து கட்டிக்கொள்கிறான். எதற்குக் கட்டிக்கொள்கிறான், இரண்டு பேருக்கும் நடுவில்தான் ஒரு சண்டையும் இல்லையே, ஒரு மனத்தாங்கலும் இல்லையே. கருப்புத் திரையில் எழுத்து வந்தது: என் அண்ணனுக்கு.

விளக்கு எரிந்தது. கண் கூசியது. மெர்லின் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். தவசி அண்ணனின் முகத்தையே பார்த்தான்.

“எப்படிண்ணே இருக்கு?”

“நல்லாருக்குலே. கட்டுதான் கால் மாறிக் கெடக்கு. மொதல்ல இடது, பொறவு வலது.”

“அய்யோ, அது என் தப்பு சார்,” என்றாள் மெர்லின். “ஒரு ஷாட்டைத் திருப்பிப் போட்டேன், யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு.” சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும் கேட்டாள், “நான் சுத்தி வளைக்கலை சார். அன்னைக்கு நிஜமாவே வழுக்கித்தான் விழுந்தீங்களா?”

“சொல்லுண்ணே,” என்றான் தவசி. குரலில் இப்போதே ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு.

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. லிங்கதுரை அதை விழுங்கினார். “ஏல, படத்துல அவன் வழுக்காம இருந்தா எப்படி இருக்கும்?”

“எவன்?”

“அண்ணன்காரன். பாய வேண்டிய நேரத்துல பாயாம நின்னுட்டான்னு வையி. வேணும்னே.”

மெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சார். அப்படி இருந்தா எல்லாமே சேர்ந்துக்குது சார். அந்த மீன் சீனைத் தூக்கி மேட்ச்சுக்குப் பின்னாடி வெச்சா, அவன் ஏன் அவ்ளோ நல்லவனா இருக்கான்னு புரியும். கடைசியில கட்டிப் பிடிக்கிறானே, அதுக்கும் ஒரு அர்த்தம் வரும்.”

தவசி அவளைப் பார்த்துச் சிரித்தான், பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் இருந்த பிரியத்தை லிங்கதுரையால் தாங்க முடியவில்லை. “எந்த அண்ணன் மெர்லின் அப்படிச் செய்வான்? வழுக்கி விழுந்ததையே நம்ப மாட்டேங்கிறாங்க, இதையா நம்பப் போறாங்க? இவன் இப்படித்தான் மெர்லின். என் படம் நல்லா வரணும்னு தன்னையே வில்லனாக்கிக்கிடுன்னு சொல்லுதான் பாத்தீங்களா.” கையை நீட்டி அண்ணனின் தொடையில் வைத்தான். “வேண்டாம்ணே. நடந்ததே போதும்.”

“தவசி. நான் வழுக்கல.”

தொடையில் இருந்த கை அப்படியே இருந்தது.

“தண்ணி தெளிச்சிருந்துதுல்லா,” என்றான் தவசி.

“தெளிச்சிருந்துது. நான் வழுக்கல. நின்னுக்கிட்டிருந்தேன். நீ விழுந்த பொறவுதான் விழுந்தேன்.”

“நீ கையை அமுக்குன.”

அவன் மறக்கவில்லை. “அமுக்குனேன்லே,” என்றார்.

“ரெண்டு தடவ.”

“ரெண்டு தடவ.”

தவசி கையை எடுத்துக்கொண்டான். மெர்லின் எழுந்து, “நான் வெளிய இருக்கேன் சார்” என்றாள்.

“இருங்க,” என்றான் அவன். திரையைப் பார்த்தபடியே பேசினான். “மேட்ச்சைப் போடுங்க. நிறுத்தி நிறுத்தி.”

மழையும் ஆயிரம் பேரும் திரும்பி வந்தார்கள், சத்தமில்லாமல். அண்ணன் சேற்றில் கிடக்கிற இடத்தில் படம் நின்றது.

“எங்கன நின்ன? காட்டு.”

“இதுக்கு முன்னால.”

மெர்லின் பின்னால் ஓட்டினாள். அண்ணன் சேற்றிலிருந்து எழுந்து நின்றான், தம்பியின் கை பிடியை விட்டது, இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டார்கள்.

“இங்கனயா?”

அரை நொடி, கால் எழவில்லை, உடம்பு கேட்கவில்லை என்று இத்தனை வருஷமாக அவர் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் இந்த இடத்துக்குத்தான் பொருந்தும். ஆமாம் என்று சொன்னால் போதும். மழை ஒவ்வொரு துளியாக அந்தரத்தில் நின்றது. “இன்னும் முன்னால,” என்றார்.

பாடி வருகிறவன் பின்னாலேயே நடந்து கோட்டைத் தாண்டித் தன் பக்கம் போனான். அணிகள் வரிசையாக நின்று கும்பிட்டன. மேகம் விலகி, மழை ஓய்ந்தது.

“இங்கன?”

“இன்னும்.”

“இதுக்கு முன்னால மேட்ச்சே இல்லையேண்ணே. முந்தின நாளுல்லா.”

“முந்தின நாளுதான். ஓட்டச் சொல்லு.”

மெர்லின் தவசியைப் பார்த்தாள், அவன் தலையசைத்தான். திரையில் ஒரு சாயங்காலம் வந்தது. செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரியின் நடுவே ஒற்றை ரோடு, பனை நிழல்கள், ஒரு சைக்கிள். தம்பி மிதிக்கிறான். பின்னால் கேரியரில் அண்ணன், தம்பியின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு. லிங்கதுரை வராந்தாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது ஓடிய காட்சியாக இருக்க வேண்டும். இப்படி ஒன்று படத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. சட்டைகூட அன்றைக்கு அவர் போட்டிருந்த மாதிரிக் கட்டம் போட்ட சட்டைதான்.

“இங்கன,” என்றார்.

படம் நின்றது.

“கம்பெனிக்காரங்க மேட்ச்சுக்கு முந்தின நாளே வந்துட்டாங்க, என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாங்க,” என்றார் லிங்கதுரை. “ஒன் தம்பியைத்தான் எடுக்கப் போறோம், நாளைக்கு மேட்ச் சும்மா பேருக்குத்தான், அவங்கிட்டச் சொல்லிரு, நிம்மதியா ஆடட்டும்னாங்க. சந்தோசம் சார்னு சொன்னேன். நீ வெளிய சைக்கிளைப் பிடிச்சிட்டு நின்ன. ஏறி உக்காந்தேன். ஒங்கிட்டச் சொல்லல. வழி பூரா சொல்லல. நாளைக்கு ஒன்னைத் தவற விடணும்னு இங்கன வச்சுத்தான் நெனச்சேன்லே. முட்டி போவும்னு நெனைக்கல. மத்ததெல்லாம் நெனச்சேன்.”

தவசி எழுந்திருக்கப்போகிறான் என்று லிங்கதுரை நினைத்தார், அடிக்கப்போகிறான் என்றுகூட நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவன் அசையவில்லை. காலை நீட்டியபடி, திரையில் நின்றுபோன அந்த முதுகையும் அதில் சாய்ந்திருந்த தலையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ தூங்கிட்டன்னு நெனச்சேன்,” என்றான். “எந்திரிச்சிரக் கூடாதுன்னு வீடு வரைக்கும் மெதுவாத்தான் மிதிச்சேன்.”